யூவி விளக்குக்கு எதற்கு இவ்வளவு பெரிய பம்ப்?

மீன் தொட்டிக்கு யூவி ஸ்டெரிலைசர் வாங்கப் போகிறவர்களிடம் என் ஒரே கோரிக்கை: பம்பை கடைசியில் வாங்குங்கள். எதைக் கொல்ல வேண்டும் என்பது முதலில், விளக்கு அடுத்தது, பம்ப் அதற்கப்புறம்தான். நடப்பது என்னவோ நேர் எதிர். கடைக்காரர் "இது 2000 லிட்டர் சார், செம ஃபோர்ஸ்" என்பார். நாமும் மொட்டை மாடி டேங்குக்கு மோட்டார் வாங்குவது போல தலையாட்டிவிட்டு வருவோம். கொளத்தூரிலும் இதே கதைதான், இங்கே பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமும் இதே கதைதான்.

யூவிக்கு ஃபோர்ஸ்தான் எதிரி. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: நடுவில் விளக்கு, அதற்கு ஒரு குவார்ட்ஸ் உறை, உறையைச் சுற்றி தண்ணீர் ஓடுகிறது. விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் கிருமியின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. கதிரின் வலுவையும், கிருமி அந்த வெளிச்சத்தில் இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் டோஸ். வலு, வாங்கிய விளக்கைப் பொறுத்தது. நேரம், பம்பைப் பொறுத்தது.

குழாயில் 1 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2000 லிட்டர் தள்ளினால் தண்ணீர் உள்ளே இருப்பது 1.8 நொடி. 300 லிட்டர் தள்ளினால் 12 நொடி. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசிக்கு சின்ன டோஸ் போதும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் பாசிக்கு ஒரு வேகம், ஒட்டுண்ணிக்கு ஒரு வேகம் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். வெறும் வாட்ஸ் மட்டும் அச்சடித்த பெட்டி என்றால் நான் தொடவே மாட்டேன்.

அலுவலக நண்பர் ஒருவரின் ஏஞ்சல் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் யூவியும் 2000 லிட்டர் பம்பும் சேர்த்துத் தலையில் கட்டினார்கள். நாலே நாளில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிவு. மனிதருக்கு ஏக சந்தோஷம். அடுத்த வாரம் மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. "யூவி எல்லாம் சும்மா" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வேகத்தில் பாசி செத்தது, ஒட்டுண்ணி தப்பித்தது. தண்ணீர் தெளிவாக இருந்ததால் மருந்து போடவும் அவருக்குத் தோன்றவில்லை. மீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் புள்ளியை எந்த யூவியும் ஒன்றும் செய்யாது. அது கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்துகிறதே, அப்போதுதான் சிக்கும். ஆக, யூவி நோய் பரவுவதைக் குறைக்கும். மருந்துக்கு மாற்று ஆகாது.

சரி, அப்படியானால் சொட்டுச் சொட்டாக விடலாமா? அதுவும் தப்பு. விளக்கைத் தாண்டி வந்த தண்ணீர் தொட்டியில் இருக்கும் தண்ணீரோடுதான் கலக்கிறது. தொட்டியின் கொள்ளளவு ஒரு முறை ஓடி முடித்தாலும் 63 சதவீத தண்ணீர்தான் விளக்கைப் பார்த்திருக்கும். மூன்று முறை ஓடினால் 95. 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 300 லிட்டர் என்றால் இதற்கு 2 மணி நேரம். 30 லிட்டர் என்றால் 20 மணி நேரம். அதற்குள் ஒட்டுண்ணி தனக்கு ஒரு மீனைப் பிடித்துவிடும். எனவே கையேட்டில் ஒட்டுண்ணிக்குப் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், அதைவிட ரொம்பவும் குறைக்காதீர்கள்.

பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அது தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாயே மாட்டாமல் எடுத்த அளவு. பக்கத்தில் "அதிகபட்ச உயரம் 2 மீட்டர்" என்று இருந்தால், 2 மீட்டரில் சொட்டுத் தண்ணீர் வராது என்று அர்த்தம். கீழே சம்ப் வைத்து 4 அடி ஏற்றினால் 1000 லிட்டர் பம்ப் பாதிகூடத் தராது. யூவியைத் தாண்டி வரும் குழாயை 10 லிட்டர் வாளியில் விட்டு கடிகாரத்தைப் பாருங்கள். 2 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 300 லிட்டர். அதிகமாக வந்தால் வெளியேறும் பக்கம் ஒரு வால்வு போட்டுக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் அடைக்காதீர்கள், பம்புக்கு ஆகாது.

இன்னொன்று கரண்ட் பில். இது 24 மணி நேரமும் ஓடும் சாமான். 10 வாட்ஸ் பம்ப் மாதம் 7.2 யூனிட், 35 வாட்ஸ் பம்ப் 25.2 யூனிட். பெரிய பம்ப் வாங்கி வால்வால் கழுத்தை நெரிப்பதற்கு சின்னதே வாங்கிவிடலாம். ஃபில்டருக்கு வேகம் வேண்டும், யூவிக்கு நிதானம் வேண்டும். இரண்டையும் ஒரே பம்பில் கட்டாமல் யூவிக்குத் தனியாக ஒன்று வைப்பதுதான் என் கட்சி.

எங்கள் அபார்ட்மென்டில் போர்வெல் தண்ணீர். உப்பு உறையில் வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். பம்பின் இம்பெல்லரிலும் படிந்து வேகத்தைக் குறைக்கும். இரண்டையும் மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறவைக்கிறேன். பம்பின் வாயில் ஒரு ஸ்பாஞ்சும் வைத்திருக்கிறேன், கலங்கல் உள்ளே போனால் கதிர் ஊடுருவாது.

சுருக்கமாக, 200 லிட்டர் தொட்டிக்கு நோய்த் தடுப்புதான் நோக்கம் என்றால் வாளியில் 300 லிட்டர் காட்டும் சின்ன பம்பும், அந்த வேகத்துக்குப் பொருத்தமான விளக்கும் போதும். மிச்சப் பணத்தில் புதிதாக வரும் மீன்களைத் தனியே வைக்க ஒரு குட்டித் தொட்டி வாங்குங்கள். யூவியைவிட அதிக மீன்களைக் காப்பாற்றும்.

டிஸ்கி: சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எரியும் விளக்கை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். பாசிக்கும் நமக்கும் அது வித்தியாசம் பார்க்காது :-)