முன்பல் இணைவும் முறுவலின் அளவும்

நகை என்னும் தமிழ்ச்சொல் சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். முறுவல் என்பதும் அவ்வாறே பல்லையும் புன்சிரிப்பையும் ஒருங்கே உணர்த்தும். நம் முன்னோர் சொல்லிலே பொதிந்து வைத்த இவ்வழகை இக்காலப் பல் மருத்துவ நூலோர் எண்ணால் அளக்கின்றனர். அவ்வளவின் பயனும் எல்லையும் யாவை என ஆராய்தல் நம்மனோர்க்கு வேண்டுவதேயாம்.

மேல்வரிசை முன்பற்களை நேர்நின்று நோக்கின், அடுத்தடுத்த இரு பற்கள் தம்முள் தொட்டு நிற்பதாகத் தோன்றும் நெடுக்கம் ஒன்று புலனாகும். அதனை இணைவிடம் என்க. பல்வரிசையைப் பாரிஸ் சாந்தில் வார்த்தெடுத்து, வெர்னியர் அளவியால் இதனை அளப்பர். மார்லி, யூபாங்க் என்னும் அமெரிக்க அறிஞர் 2001-இல் இதற்கு ஒரு விதி கூறினர். நடுப்பல்லின் உயரத்தை நூறு பங்காகக் கொண்டால், நடுப்பற்கள் இரண்டின் இணைவிடம் 50 பங்கு. நடுப்பல்லும் பக்கப்பல்லும் இணைவது 40. பக்கப்பல்லும் கோரைப்பல்லும் இணைவது 30.

இவ்வளவு அழகு ஒன்றற்கே உரியதன்று. பற்கள் தொடுமிடத்திற்கும் கீழுள்ள எலும்பின் விளிம்பிற்கும் இடையே 5 மில்லிமீட்டருக்கு மிகாதிருப்பின், ஈறு அவ்விடையைப் பெரும்பாலும் நிரப்பி நிற்கும் என்று டார்னோ முதலியோர் 1992-இல் காட்டினர். 7 மில்லிமீட்டராயின் ஏறத்தாழ நான்கில் ஓரிடத்தில்தான் நிரம்பும். ஏனையவற்றில் கருஞ்சந்து தோன்றி உணவுத் துணுக்கு தங்கும்.

வில்லியனூரிலோ பாகூரிலோ மிதிவண்டியினின்று வீழ்ந்து முன்பற்களை முறித்துக்கொண்ட இளைஞனுக்குப் பல் புதுக்கித் தருங்கால் இவ்விதி நல்ல துணையாம். ஆயின் நோயற்ற பல்லையுடைய சிற்றூர்ப் பெண்ணொருத்தியை நோக்கி, “நின் பல் விதிக்கு ஒவ்வாது” என்றுரைத்தல் தகுமோ? சிலரிடம் கண்ட சராசரி எல்லார்க்கும் சட்டமாகாது. சராசரியினும் மிக்காரும் குறைந்தாரும் இருப்பதனாலன்றோ அது சராசரி எனப்படுகிறது! முன்பற்களிடைச் சந்திருத்தல் தானே ஒரு பிணியன்று. விதிக்கு இசையும்படி நலமுள்ள பல்லை அராவினாலோ, இழந்த பல்மிளிரி மீண்டும் வளராது. அராவிய பல்லுக்கு மேலுறை வாழ்நாள் முழுதும் வேண்டப்படும். அன்றாடக் கூலியால் வாழும் குடும்பத்திற்கு அஃது எத்துணைச் சுமை!

ஆதலின் யான் வேண்டுவன இரண்டு. கோரிமேட்டில் அரசினர் பல் மருத்துவ நிறுவனமும், பிள்ளையார்குப்பத்தில் மற்றொரு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர், உரியார் இசைவுடன், இக்கொம்யூன்களின் மக்களிடமே இணைவிடங்களை அளந்து, கண்ட அளவுகளைத் தமிழில் யாவரும் அறிய வெளியிடுக. நலமுள்ள பல்லில் கைவைக்குமுன், தாம் கூறும் எண் எந்நாட்டில் எவரிடம் எடுக்கப்பட்டது என்பதை மருத்துவர் நோயாளர்க்கு எடுத்துரைக்க.

முறிந்ததைச் செப்பனிட அளவுகோல் வேண்டும். முறியாததைப் பழிக்க அதனைக் கைக்கொள்ளுதல் முறையன்று.