மகன் இருந்தால் முதியோர் பென்ஷன் கிடையாதா? தாலுகா ஆபீஸில் மாட்டிக்கொள்ளும் மனுக்கள்!

மாதம் பிறந்தால் போதும். பாஸ் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு பாட்டிமார்கள் பேங்க் வாசலில் வரிசை கட்டி விடுவார்கள். "பணம் விழுந்துடுச்சா தம்பி?" என்ற குரலை, பக்கத்தில் பஸ்சுக்கு நிற்கிற எல்லோருமே கேட்டிருப்போம்.

விழுகிற பணம் எவ்வளவு? 2023 ஆகஸ்டு மாதம் உயர்த்திய கணக்குப்படி 1,200 ரூபாய். அதற்கு முன்னால் 2011 முதல் 12 வருஷம் 1,000 ரூபாயிலேயே நின்றது.

வரிசையில் நிற்கிற பாட்டிக்காவது ஏதோ வருகிறது. வரிசைக்கே வர முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் கதைதான் சிக்கல். வயது இருக்கும், வறுமை இருக்கும், மனுவும் போட்டிருப்பார். ஆனால் பென்ஷன் வராது. ஏன்?

20 ரூபாயில் ஆரம்பம்

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் ஆரம்பித்தது 1962-ல். காமராஜர் முதல்வராக இருந்த நேரம். மாதம் 20 ரூபாய். தபால்காரர் மணியார்டரைக் கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் எண்ணிக் கொடுப்பார். அவர் காபிக்கு கொஞ்சம் எடுத்துக்கொண்டதும் உண்டு, எடுக்காமல் போனதும் உண்டு. ஆனால் கிழவி வெயிலில் நடக்க வேண்டியதில்லை.

டெல்லி சர்க்கார் இந்தப் பக்கம் திரும்பியது 33 வருஷம் கழித்து! 1995 ஆகஸ்டு 15-ல் தேசிய முதியோர் பென்ஷன் வந்தது. 65 வயதான ஆதரவற்றவர்களுக்கு 75 ரூபாய். 2006-ல் அது 200 ஆனது. 2007-ல் பெயர் மாறியது. இந்திரா காந்தி பெயரை வைத்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்றார்கள். 2011-ல் வயதை 60 ஆகக் குறைத்தார்கள். 80 வயது தாண்டினால் 500 ரூபாய் என்றார்கள். 60 முதல் 79 வரை உள்ளவர்களுக்கு அந்தப் பழைய 200-தான்!

1,200 ரூபாய் வாங்கும் 70 வயதுத் தாத்தாவின் கையில் டெல்லியின் பங்கு 200 ரூபாய். ஒரு நாளைக்கு 7 ரூபாய் கூட வராது. மிச்சம் 1,000 மாநில கஜானாவிலிருந்து வருகிறது. பாராளுமன்ற நிலைக்குழு இந்த 200 போதாது என்று பல முறை எழுதிவிட்டது. எழுதியது எழுதியபடியே இருந்தது.

தொகையை விட மோசமானது தலைக்கணக்கு. டெல்லி பணம் நாடு முழுவதற்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 21 லட்சம் முதியவர்களுக்குத்தான் என்று கோட்டா போட்டிருக்கிறார்கள். 2001 சென்சஸ் ஜனத்தொகையையும், 2004-05 வறுமைக் கணக்கையும் வைத்துப் போட்ட கோட்டா அது. அதற்குப் பிறகு 60 வயதைத் தொட்டவர்கள் எத்தனை பேர்! 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டு ஜனங்களில் 100-க்கு 13 பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கோட்டா மட்டும் பழைய கோட்டா.

இதனால்தான் தகுதி இருந்தும் சில மனுக்கள் தூங்குகின்றன. இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு வரும் என்கிற நிலைமை. "இடம் காலியாவது" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பையன் என்ன பண்றான்?"

இனி உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். மனு தாலுகா ஆபீஸுக்குப் போனதும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் சேரும். கிராம நிர்வாக அலுவலரும், வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். அப்போது வரும் முதல் கேள்வி: "பாட்டி, பையன் இருக்கானா? என்ன பண்றான்?"

பாட்டி கள்ளம் கபடம் தெரியாமல் சொல்லுவார்: "இருக்கான் சாமி, பெயின்ட் வேலைக்குப் போறான்."

பல மனுக்கள் அந்த இடத்தோடு சரி.

ஆதரவு அற்றவருக்குத்தான் பென்ஷன் என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் எண்ணம். பிள்ளை காப்பாற்றுவான், பிள்ளை இல்லாதவரை சர்க்கார் காப்பாற்றும் என்ற கணக்கு. 1962-ல் அது பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்று பெயின்ட் வேலைக்குப் போகும் மகன் வாடகை வீட்டில் ஒரே அறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. அம்மாவுக்கு அவன் தரக்கூடியது ஒரு தட்டுச் சோறு. சில சமயம் அதுவும் மருமகள் முகத்தைப் பார்த்துத்தான். இவனை "ஆதரவு" என்று ஏட்டில் எழுதினால், பாட்டிக்கு மாத்திரை வாங்க யாரிடம் கையேந்துவது?

அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சொந்த மாடி வீட்டில் வாடகை வாங்கிக்கொண்டே பென்ஷனுக்கு மனு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். அதனால் சந்தேகம் வந்தால் "தகுதி இல்லை" என்று எழுதுவதே அவருக்குப் பத்திரம். கொடுக்காமல் விட்டதற்காக யாரும் மெமோ வாங்கியதில்லையே!

மகனிடம் பணம் கேட்க சட்டம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். மகன் மட்டுமல்ல, மகளும் பொறுப்பு. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டும் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து. ஆனால் பெயின்டர் மகன் மீது எந்தத் தாய் கேஸ் போடுவாள்? போட்டாலும் அவனிடம் என்ன இருக்கிறது?

இதில் சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்றுதான். "மகன் இருக்கிறானா?" என்று கேட்பதை விட்டு, "கிழவி கைக்கு மாதம் எவ்வளவு வருகிறது?" என்று கேட்க வேண்டும்.

வயதே தகராறு!

இன்னொரு கூத்து ஆதார் வயது. பிறந்த சர்டிபிகேட் இல்லாத தலைமுறை இது. "சுதந்திரம் வந்தப்போ நான் கைக்குழந்தை" என்று சொல்லித்தான் வயதைக் கணக்கிட்டார்கள். ஆதார் எடுத்த அன்று ஆபரேட்டர் தோராயமாக ஒரு வருஷத்தைத் தட்டிவிட்டார். இப்போது 64 வயதுக்காரர் கார்டில் 57. கம்ப்யூட்டர் மனுவை வாங்காது. முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி இருந்திருந்தால் தப்பாகவே பதிந்திருக்காது!

மண்ணும் சிமென்டும் அள்ளிய கைக்கு ரேகையும் தேய்ந்துவிடும். மிஷினில் விரல் வைத்தால் "மறுபடி வைங்க, மறுபடி வைங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

பக்கத்து ஸ்டேட்டைப் பாருங்க!

டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆந்திராவில் 2024 ஜூலையில் முதியோர் பென்ஷனை 4,000 ஆக்கினார்கள். வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். கேரளத்தில் 2025 நவம்பரில் 2,000 ஆனது. நம்முடையது 1,200.

ஆனால் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. கேரளத்தில் 2024-ல் பல மாத பென்ஷன் பாக்கி விழுந்து முதியவர்கள் தவித்தார்கள். இங்கே 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். பென்ஷன்காரர்களுக்குத் தனியாக அரிசியும், பொங்கல், தீபாவளிக்கு வேட்டி சேலையும் உண்டு. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 பஸ் டோக்கன் என்று 2016-ல் ஆரம்பித்தார்கள். சாதாரண பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். இதையெல்லாம் கூட்டினால் சோற்றுக்கும் பஸ்சுக்கும் ஓரளவு சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது வாடகை! 1,200 ரூபாய்க்கு சென்னையில் யார் வீடு கொடுப்பார்? 1,200-ஐ 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். அதற்குள் கேஸ், சோப்பு, எண்ணெய், கரண்ட். தனியாக இருக்கும் கிழவி மகன் வீட்டு மூலையை விட்டு நகர முடியாததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல.

படுத்தால் காப்பீடு உண்டு

வைத்தியத்தில் நிலைமை பரவாயில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு வருஷத்துக்கு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-ல் அதை 1,20,000 ஆக்கினார்கள். 2018-ல் டெல்லியின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்த்ததிலிருந்து குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. டெல்லி 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும், பணக்காரர் ஏழை பார்க்காமல், 5 லட்சம் என்று தனியாக ஒரு கார்டு அறிவித்தது. கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் இந்த இரண்டைப் பற்றியும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் காப்பீடு வேலை செய்வது ஆஸ்பத்திரியில் படுத்தால். இதயத்தில் ஆபரேஷன் என்றால் பணம் வரும். மூட்டு வலிக்கு வாரம் ஒரு முறை ஆட்டோவில் போய்வர வராது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு டயப்பர் வாங்க வராது. வயதானவர்களின் செலவு பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுதான்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது, 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது. பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 1,200 வாங்கும் பாட்டிக்கு இது கையில் தராத இன்னொரு பென்ஷன். பேட்டைக்குப் பேட்டை கவனிப்பில் வித்தியாசம் உண்டு. உங்கள் தெருவில் வரவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மாமியாருக்கா, மருமகளுக்கா?

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியவில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்தபோது, வீட்டில் யாராவது முதியோர் பென்ஷன் வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது என்று முதலில் விதி போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றினார்கள். பென்ஷன் வாங்குபவருக்குத்தான் இல்லை, அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் கேட்கலாம் என்று ஆனது. பழைய விதியை நம்பிக்கொண்டு "எங்க மாமியார் பென்ஷன் வாங்குறாங்க, அதனால எனக்கு இல்ல" என்று மனுவே போடாத மருமகள்கள் உண்டு. மாமியார் பென்ஷனே வேண்டாம் என்று சண்டை நடந்த வீடும் உண்டு!

என்ன செய்யலாம்?

60 முடிந்தவர் இ-சேவை மையத்தில் மனு போடலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ் புத்தகம், போட்டோ வேண்டும். "நான் முடிச்சுத் தர்றேன், 5,000 ஆகும்" என்று தாலுகா ஆபீஸ் மரத்தடியில் நிற்பவரிடம் மாட்ட வேண்டாம். மனுவுக்கு உள்ள சின்னக் கட்டணத்துக்கு ரசீது கொடுப்பார்கள், அந்த நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் இருந்தால் மறைக்க வேண்டாம். அவன் வருமானம் என்ன, வாடகை எவ்வளவு, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை மனுவோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்டு, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் அந்தத் தாளோடு போகலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரைப் பிடிப்பது என்று விழித்தால், முதியோர் உதவி எண் 14567. போன் கட்டணம் இல்லை. கடைக்காரர்கள் இந்த நம்பரை கல்லாப் பக்கத்தில் எழுதி ஒட்டினால், கடனுக்கு அரை கிலோ ரவை கேட்டு வரும் பாட்டிக்கு அங்கிருந்தே ஒரு போன் போட்டுக் கொடுக்கலாம்.