படம் காட்டும் முன் பரணில் ஓர் இரவு

ஒக்டோபர் 4, உலக விலங்குகள் தினம் வந்தால் பாடசாலைச் சுவர்களுக்குப் புதுப் படங்கள் வரும். பாண்டாக் கரடி, பனிக்கரடி, குட்டியை மார்போடு அணைத்தபடி ஒரு செம்பட்டை மயிர் ஒராங்குட்டான். திருகோணமலைப் பக்கத்துச் சம்பூர்ப் பிள்ளை அதை அண்ணாந்து பார்த்துப் "பாவம்" என்று சொல்லிவிட்டு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். வீட்டில் பேச்சே வேறு. நேற்றிரவு யாருடைய வாழைக்குள் யானை இறங்கியது, எந்தப் பக்கத்து வேலி விழுந்தது, யானைவெடி எத்தனை மிச்சம் இருக்கிறது. சுவரில் இருக்கும் மிருகத்துக்கு இரங்கவும் வேலிக்கு வெளியே நிற்கும் மிருகத்தைத் திட்டவும் ஒரே பிள்ளை ஒரே நாளில் பழகிக்கொள்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புக் கல்வி என்று நாம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ விழுந்து கிடக்கிறது.

ஒராங்குட்டானைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு மனிதன் என்று பொருள். போர்னியோவிலும் சுமாத்திராவிலும் மட்டும் வாழும் அதன் மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. 2017 இல் தனி இனமென்று அறிவிக்கப்பட்ட தப்பனூலி வகையில் 800 கூட மிச்சமில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வருடம் போகும் என்பதால் ஒரு தாய் செத்தால் அந்த இடம் இலேசில் நிரம்பாது. காடு போனதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று எண்ணெய்ப் பனை. களுத்துறை, காலித் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் முள்ளுத்தேங்காய் என்று சொல்கிறார்களே, அதே மரம்தான். 2021 இல் இலங்கை அரசு அந்த மரத்துக்கும் அதன் எண்ணெய் இறக்குமதிக்கும் தடை போட்டபோது மண் அரிக்கிறது, ஊற்று வற்றுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஒராங்குட்டான் அந்தப் பேச்சில் வரவில்லை.

ஆனால் ஒராங்குட்டான் நாட்டிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் அந்தச் சுவர்ப் படத்தில் இல்லை. அது ஒரு கிளினிக்கில் இருக்கிறது.

கினாரி வெப் என்ற அமெரிக்கப் பெண் 1993 இல் மேற்குக் கலிமந்தானின் குனுங் பாலுங் காட்டுக்கு ஒராங்குட்டான் ஆய்வுக்காகப் போனார். காட்டில் மரம் விழும் சத்தம் ஓயவில்லை. வெட்டுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பக்கத்துக் கிராமத்துச் சனங்கள். அவர்களுக்குக் காட்டின் அருமை தெரியாமல் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குக் காசு தேவைப்பட்டால், கையில் காசாகக்கூடியது மரம் ஒன்றுதான். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி மருத்துவம் படித்து டொக்டரானார். 2007 இல் அதே காட்டோரத்தில், சுகடானாவில், உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து கிளினிக் திறந்தார். திறப்பதற்கு முன் ஊர் ஊராகப் போய் இருந்து, "காட்டை வெட்டாமல் இருக்க உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். கட்டுப்படியாகும் வைத்தியமும் இரசாயன உரம் வாங்காமல் பயிர் செய்யப் பயிற்சியும் வேண்டும் என்று பதில் வந்தது. அதையே கொடுத்தார்கள். மரம் வெட்டுவதைக் குறைத்த கிராமத்துக்குக் கட்டணக் கழிவு. காசில்லாதவர் மரக்கன்றோ, சாணமோ, பின்னிய பாயோ கொடுத்து மருந்து வாங்கலாம். பின்னர், மரம் அறுக்கும் இயந்திரத்தை ஒப்படைத்தவருக்கு வேறு தொழில் தொடங்க முதலும் கொடுத்தார்கள். முதல் பத்து வருடத்தில் அந்தப் பூங்காவில் காடழிப்பு, இப்படியொரு கிளினிக் இல்லாத மற்றக் காடுகளோடு ஒப்பிட, ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது என்று 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த ஊரில் முதல் மாணவர் யார்? மரம் வெட்டியவரா, ஆய்வுக்குப் போனவரா? எனக்கு விடையில் சந்தேகமில்லை.

இப்போது சம்பூருக்கு வருவோம். 2006 ஏப்ரல் கடைசியில் போர் மூண்டு குண்டு விழத் தொடங்கியதும் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை மக்கள் ஓடினார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே வருடங்கள் போயின. 2007 இல் அவர்களின் நிலம் அதியுயர் பாதுகாப்பு வலயமானது. 2012 இல் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமென்று வர்த்தமானியில் ஏறியது. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் நமது மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இன்னொரு பக்கம் திட்டம். 818 ஏக்கர் 2015 இலும் கடற்படை இருந்த 237 ஏக்கர் 2016 இலும் திரும்பி வந்தன. நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவரும் எல்லை தெரியாமல் பற்றை மூடிய காணியும்தான்.

அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வைத்து, "வாழிடம் பறிபோனால் ஒரு உயிரினம் என்ன பாடுபடும் தெரியுமா?" என்று வகுப்பெடுப்பவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

யானைக்கும் இங்கே பழைய பாத்தியதை உண்டு. மகாவலி கொட்டியாரக் குடாவைத் தேடி வரும் வழி நெடுகச் சோமாவதி வில்லுகளும் சேருவில, அல்லைக் காடுகளும் யானையின் நிலம். 1660 இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் அச்சான தன் நூலில் யானைக்கும் குரங்குக்கும் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறார். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். 2023 என்ற ஒரே வருடத்தில் 480க்கு மேற்பட்ட யானைகளும் 180க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். துவக்கு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள் ஒளித்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி. வாய் சிதறிய யானை தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நாட்கணக்கில் குளத்துக்குள் நின்று சாகும். ஒரு தடவை கண்டவர் அதை மறக்கமாட்டார். வைத்தவரும் மறக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குக் கல்விப் பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்வது வசதியான பொய். யானை நடமாடும் நிலத்தில் சுமார் 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று யானை ஆய்வாளர் பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது சகாக்களும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். யானையைப் பூங்காவுக்குள் துரத்தி அடைத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது. அவர் தலைமையிலான குழு 2020 இல் அரசுக்குக் கொடுத்த செயற்திட்டம், நடுக்காட்டில் ஓடும் மின்வேலிகளை விட்டு, ஊரைச் சுற்றி ஊரவரே பராமரிக்கும் வேலியையும் வயலைச் சுற்றிப் பயிர்க் காலத்துக்கு மட்டும் போடும் வேலியையும் முன்வைத்தது. அறுவடை முடிந்தால் கம்பியைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். வைக்கோலும் தாளும் யானைக்கு. வேலியில் கொடி ஏறினால் வெட்டுவதும் பற்றரியைப் பார்ப்பதும் வயற்காரரின் வேலை. சுகடானாக் கிளினிக்கில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். காப்பாற்றுகிறவருக்குக் காப்பாற்றுவதில் ஒரு பங்கு இருந்தது.

வகுப்பறைக் கல்வியால் எதுவுமே ஆகாதா? ஆகும், ஓர் உயிருக்கு. ஒராங்குட்டானுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் பற்றைக்குள்ளேயே இருக்கிறது: தேவாங்கு. வடக்கு, கிழக்கு, வடமத்தி உலர்காடுகளில் வாழும் சாம்பல் தேவாங்கு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ராத்திரியில் ரோர்ச் அடித்தால் கொப்புக்குள் இரண்டு செந்தணல் தெரியும்; அசையாது, நாம் போகும்வரை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பயிரைத் தொடாது. பூச்சி புழுவைத் தின்று வயலுக்கு உதவியே செய்கிறது. இதற்கு நாம் கொடுத்த மரியாதை, மெலிந்த பிள்ளையைத் திட்ட அதன் பெயரை எடுத்துக்கொண்டதும், அதன் குரல் கேட்டால் கெடுதி என்று கல்லெறிந்ததும், கண்ணைப் பிடுங்கி மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் விற்றதும். சிங்களத்தில் மட்டும் ஒரு பழமொழி அதற்கு இரங்குகிறது: தேவாங்குக்கும் தன் குட்டி மாணிக்கமாம். நாம் காக்கைக்குக் கொடுத்த பொன்குஞ்சை அவர்கள் தேவாங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பகைக்கு வயிற்றுப் பாடு காரணமில்லை, மூடநம்பிக்கைதான். மூடநம்பிக்கையை ஒரு நல்ல ஆசிரியர் ஒரு தவணையில் கலைத்துவிடுவார். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரைச் சுற்றி 11,806 ஹெக்டேயரை 2022 இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், இந்தியாவிலேயே முதலாவது. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் பாண்டா நிற்கும் இடத்தில் தேவாங்கை நிறுத்தினால் போதும்.

யானை விடயம் ஆசிரியர் தலையில் கட்டக்கூடியதல்ல. 2025 ஏப்ரல் 5 இல் கொழும்பிலிருந்தபடியே இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். நிலக்கரிப் புகையோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூரியத் தகடுகளைச் சுற்றியும் வேலி வரும். அது மாடு மேயும் தரவையை எவ்வளவு தின்னும், யானை நடக்கும் தடத்தை எந்த வயல் பக்கம் திருப்பும் என்பதை வரைபடம் வைத்திருப்பவரைவிட விறகுக்குப் போகும் பெண்கள் நன்றாகச் சொல்வார்கள். கேட்டால்.

விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வரும் ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒக்டோபரில் வர வேண்டாம். தை மாதக் கடைசியில், பெரும்போகக் கதிர் முற்றும் நேரம் வாருங்கள். இருட்டுவதற்கு முன் வந்தால் வயற்பரணில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும், தேத்தண்ணியும் கிடைக்கும். யானைவெடியை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள். இங்கே எப்போதும் தட்டுப்பாடு.