யுத்தம் முடிந்தது, யுத்த வண்டிக்கு மட்டும் இன்னும் ஏன் தீனி?

தொழிலாளத் தோழர்களே, தாய்மாரே,

வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் நமது எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கையில் இரண்டு பையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அவர்கள்தாம். யுத்த காலத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் நிம்மதியாகக் கண் மூடியதில்லை. தமிழ்ப் பெயர், தோட்ட விலாசம் உள்ள அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு என்று ஒவ்வொரு சந்தியிலும் கேள்வி. மண்மூட்டைக் காவலரணுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு பஃபல் கவச வாகனம் நிற்கும். அதைக் கண்டாலே நம் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். மண்மூட்டைகளை அகற்றினார்கள். அந்த பஃபல் எங்கே போனது? அதற்கு எண்ணெய் ஊற்றுவது யார்? அது இப்போது யாரைப் பார்த்து நிற்கிறது? இந்த இதழில் நாம் கேட்பது இவ்வளவுதான்.

"சம்பளத்தைப் பேசுங்கள், வீட்டைப் பேசுங்கள், ஆமிக் கதை உங்களுக்கு எதற்கு?" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது: நாம் பேசுவது சம்பளக் கதைதான். கூடையில் விழும் கொழுந்து எங்கே போய்ச் சேருகிறது என்ற கதைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு 442 பில்லியன் ரூபா, அதாவது 44,200 கோடி ஒதுக்கினார்கள். மலையக மக்களின் வீடு, தொழிற்பயிற்சி, வாழ்வாதாரம், பாடசாலை வகுப்பறைகள் எல்லாவற்றையும் சேர்த்து அறிவித்த தொகை ஏறத்தாழ 758 கோடி. முந்திய அரசாங்கங்கள் தந்ததைவிட இது கூடுதல் என்று பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். நாம் வகுத்துப் பார்த்தோம். பாதுகாப்புக்கு ஒரு நாளைக்கு 121 கோடி ரூபா போகிறது. நமது மக்கள் முழுப் பேருக்கும் ஒரு வருடத்துக்குத் தந்தது பாதுகாப்புச் செலவில் ஆறேகால் நாளைக்குத்தான் காணும். ஏழாம் நாள் காலைத் தேநீருக்கே அது மிஞ்சாது.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு 2015 முதல் நாம் தெருவில் நின்றோம். அது கையில் வர 2021 ஆனது. அதே 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். தேயிலைச் செடி காய்ந்தது, கொழுந்து குறைந்தது, பேர் போடுவதற்கு இறாத்தல் சேராமல் நமது பெண்கள் துரையிடம் ஏச்சு வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம்தான், விமானப்படையின் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் நிறுவனத்தோடு 5 கோடி டொலர் ஒப்பந்தம் செய்த செய்தி வெளிவந்தது. அப்போது டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆயிரம் கோடி ரூபா! ஒரு கோடிப் பேருக்கு ஒரு நாள் சம்பளம். ஆயிரம் ரூபா கொடுத்தால் தோட்டம் நட்டப்படும் என்று கம்பனிகள் அழுததைக் கேட்டு நாடு உருகியது. கிபிருக்குக் கொடுத்தால் நாடு நட்டப்படும் என்று யாரும் அழவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இந்த நாடு கையை விரித்தது.

யுத்த தளபாடம் எதுவும் ரூபாவில் வருவதில்லை. சீனாவின் ரி-56 துப்பாக்கி, ரஷ்ய வகை ரி-55 டாங்கி, ஆனையிறவு விழுந்த 2000ஆம் ஆண்டில் அவசர அவசரமாக வாங்கிய பல்குழல் ரொக்கட் ஏவிகள், எல்லாம் டொலருக்கு வந்தவை. அந்த டொலரில் நமது பங்கு எவ்வளவு? தேயிலை ஆண்டுதோறும் 100 கோடி டொலருக்கு மேல் கொண்டு வருகிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க் கடனைத் தேயிலை கொடுத்து அடைப்பதாக 2021 டிசம்பரில் அரசாங்கம் ஒப்பந்தமே செய்தது. அட்டைக் கடியும் குளவிக் கொட்டும் பட்டுப் பறித்த கொழுந்து நாட்டின் கடனைக் கட்டும், நாட்டுக்கு ஆயுதம் வாங்கும். பறித்தவளுக்கு வீடு கட்ட மட்டும் அதற்குத் தெரியாது.

இந்த ஆயுதம் யாரைக் காத்தது?

"பாதுகாப்பு இருந்தால்தானே வீடும் சம்பளமும்" என்பார்கள். சரி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பாதுகாப்பு நமக்கு என்ன செய்தது?

2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன், இந்த இரண்டு இடங்களிலும் புறக்கோட்டையிலும் உள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைத் தட்டி எழுப்பினார்கள். வேலைக்கு வந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாடு போகக் காத்திருந்தவர் என்று 376 பேர். மூட்டை கட்டக்கூட நேரம் கொடுக்காமல் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அது தொடர்ந்திருக்கும். பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். "காரணம் சொல்லாமல் தங்கியிருக்கிறார்கள்" என்பதுதான் அன்று சொன்ன குற்றச்சாட்டு. வேலை தேடி வருவது ஒரு காரணமில்லையா? நம் பாட்டன் பூட்டன் மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்ததும் அந்தக் காரணத்துக்குத்தானே?

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உண்மையான ஆபத்து கொட்டாஞ்சேனைப் பக்கமே வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். கிறிஸ்தவர், இந்து என்று பாராமல் மலையகத்துக் குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்த்தி வைக்கும் கோவில் அது. நாடு முழுவதும் அன்று 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டாங்கி இருந்தது, கிபிர் இருந்தது, இரண்டு இலட்சம் படையினர் இருந்தார்கள். ஒருவன் முதுகில் மாட்டிய பையோடு நடந்து கோவிலுக்குள் போனான். அதைத் தடுக்க ஒரு தோட்டாவும் தேவைப்பட்டிருக்காது. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே வந்த எச்சரிக்கையைப் படித்து நடவடிக்கை எடுத்திருந்தால் போதும். கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியே 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கடிதத்தைப் படிக்க எத்தனை கவச வாகனம் வேண்டும்?

துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியது?

எதிரி இல்லாத துப்பாக்கி சும்மா இருக்காது. 2013 ஆகஸ்ட் முதலாம் திகதி, கம்பஹா மாவட்டத்தில் வெலிவேரிய ஊர்ச் சனம் சுத்தமான குடிதண்ணீர் கேட்டு வீதிக்கு வந்தது. கையுறைத் தொழிற்சாலைக் கழிவு கிணற்றில் கலக்கிறது என்பது அவர்கள் முறைப்பாடு. கலைக்க வந்தது இராணுவம். மூன்று இளைஞர் இறந்தார்கள். பயந்து தேவாலயத்துக்குள் ஓடியவர்களையும் அடித்தார்கள். இறந்தவர்கள் சிங்களப் பிள்ளைகள். வடக்கில் தமிழனைப் பார்த்து நீட்டிய துப்பாக்கி நான்கே ஆண்டுகளில் தெற்கில் தண்ணீர் கேட்டவனைப் பார்த்து நீட்டப்பட்டது. 2022 மே மாதம் கொழும்பு வீதிகளில் மறுபடி கவச வாகனங்கள் ஓடின. ஜூலை 22 விடியுமுன் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களை நூற்றுக்கணக்கான படையினர் அடித்து விரட்டினார்கள்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் அவசரகால நிலை நீங்கியது என்று அறிவித்தார்கள். ஆனால் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ், பொது ஒழுங்கைக் காக்க முப்படையை அழைக்கும் வர்த்தமானி அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது. 25 மாவட்டங்களும் அதில் உண்டு. நுவரெலியாவிலும் பதுளையிலும் எந்தப் புலி இருந்தது?

அந்தச் சட்டம் பிறந்த கதை தொழிலாளருக்குத் தெரிய வேண்டும். அது புலிகளுக்காக வந்ததல்ல. 1947 ஜூன் மாதப் பொது வேலைநிறுத்தத்தில் அரச எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த மாதமே அந்தச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தை அடக்கத்தான் அதைச் செய்தார்கள். துப்பாக்கி நமக்குப் புதிதல்ல தோழர்களே. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். இருவரும் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். அன்று ஒரு பொலிஸ்காரன் கையில் இருந்ததைவிட நூறு மடங்கு ஆயுதம் இன்று களஞ்சியத்தில் இருக்கிறது. நாளைய சம்பளப் போராட்டத்தில் அது நம் பக்கம் திரும்பாது என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அந்தக் களஞ்சியமே ஓர் ஆபத்து. அட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கொஸ்கமையைக் கடந்திருப்பீர்கள். 2016 ஜூன் 5ஆம் திகதி அங்கே சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தது. யுத்தம் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆன பின்னும் குண்டுகளை ஊர் நடுவில் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு சிப்பாய் இறந்தார். நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாகின. எதிரி சுடவில்லை, வைத்திருந்ததே வெடித்தது.

சிப்பாய் நமக்குப் பகைவனில்லை

நமது பேச்சைத் திரித்து, "தோட்டக்காரர் இராணுவத்துக்கு எதிரி" என்று சொல்ல ஆட்கள் உண்டு. பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி சிப்பாய்களின் சம்பளமும் சாப்பாடும் என்பது நமக்குத் தெரியும். அவர்களும் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, சேற்றில் இறங்கி நமது உறவுகளைத் தேடியவர்களும் அவர்கள்தாம். அதை நாம் மறக்கவில்லை. அங்கே மண் சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்ததையும் மறக்கவில்லை. சனத்தை முன்கூட்டியே எடுத்து வேறிடத்தில் குடியேற்றக் காசு இல்லை. டாங்கிக்கு உதிரிப்பாகம் வாங்கக் காசு இருந்தது.

படையைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 2,00,783 ஆக உள்ள இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 1,35,000 ஆகவும், 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் சொன்னார்கள். இப்போதைய ஆட்சியும் அந்த ஒரு இலட்சம் என்ற இலக்கையே சொல்கிறது. நம்மை இங்கே கொண்டு வந்து இறக்கிய பிரிட்டனின் சனத்தொகை நம்மைவிட மூன்று மடங்கு. அதன் முழுநேர இராணுவம் 80,000க்கும் குறைவு. இங்கே எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்கிறார்கள், செலவு மட்டும் கூடுகிறது. 2023இல் 410 பில்லியன், 2024இல் 423, 2025இல் 442.

பஃபல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வண்டி. அதைப் பார்த்து யூனிகோர்ன், யூனிபஃபல் என்ற கண்ணிவெடி தாங்கும் வண்டிகளை நமது இராணுவப் பட்டறையே இந்த நாட்டில் செய்தது. கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. அந்தக் கைகளுக்கு ஓர் அம்புலன்ஸ் செய்யத் தெரியாதா? பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிப் பள்ளத்திலும் மேட்டிலும் குலுக்கிக்கொண்டு போகும் தோட்டங்கள் இன்னும் எத்தனை? ரி-55 டாங்கி 36 தொன். அது நமது தோட்டப் பாதையில் ஏறாது. ஏறினால் பாதை மிஞ்சாது. நமக்கு வேண்டியது அம்புலன்ஸும், மண் அள்ளும் பெக்கோவும், மழையில் நிற்காமல் ஓடும் பாடசாலை பஸ்ஸும்.

நாம் கேட்பது

1. கனரக ஆயுதம், போர் விமானம் வாங்குவதையும் புதுப்பிப்பதையும் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களைப் பாராளுமன்றத்தில் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

2. படைக்குறைப்பை ஆண்டு வாரியாக நடத்தி, வெளியேறும் சிப்பாய்க்கு வேலையும் ஓய்வூதியமும் உறுதி செய்ய வேண்டும். மிச்சமாகும் பணத்தில் மலையக வீட்டுக்கும் காணிக்கும் தோட்ட வைத்தியசாலைக்கும் ஒரு பங்கை எழுத்தில் ஒதுக்க வேண்டும்.

3. இராணுவப் பட்டறைகளில் அம்புலன்ஸ் செய்து தோட்டங்களுக்குத் தர வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பிரதேச செயலகங்களுக்கு மண் அள்ளும் இயந்திரங்களை ஒப்படைக்க வேண்டும்.

4. தொழிற்பிணக்கு எதிலும் இராணுவத்தை இறக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும்.

5. குடிமனைகளுக்கு நடுவே வெடிபொருள் களஞ்சியம் எங்கும் இருக்கக் கூடாது.

இவற்றை வரும் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள், தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், பாதுகாப்புச் செலவுக்கு ஆதரவாகக் கை தூக்கினீர்களா என்று கேளுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உழைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இதழின் ஒரு பிரதியை அனுப்பி வையுங்கள். அந்தச் சந்திகளில் பஃபல் நின்ற காலத்தை அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

தேயிலைக்கு உரம் இல்லாமல் செய்தவர்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் இல்லாமல் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த எண்ணெய் நமது வியர்வை. அதை எங்கே ஊற்றுவது என்பதை இனி நாம் சொல்வோம்.