கமரா பூட்டிவிட்டோம், அறிக்கையை யார் பார்ப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கோயில், பள்ளிவாசல், பாடசாலை, கடை என்று எங்கு போனாலும் இப்போது "கமரா கண்காணிப்பில் உள்ளது" என்ற பலகை தொங்குகிறது. காசு சேர்த்துப் பூட்டுகிறோம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். அலுவலகக் கணினிகளுக்கும் யார் எப்போது உள்நுழைந்தார், எத்தனை தடவை கடவுச்சொல் பிழைத்தது என்று குறித்துவைக்கும் மென்பொருள் வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அதில் சேர்வதைக் கிழமைக்கு ஒருதரம் அறிக்கையாக எடுத்து வாசிப்பவர் யார்? இதைக் கேட்டால் ஆளை ஆள் பார்க்கிறார்கள்.

"எங்களிடம் களவெடுக்க என்ன இருக்கு?" என்பவர்களுக்காக ஒரு கதை. பங்களாதேஷ் மத்திய வங்கியில், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றங்களை ஒரு பிரிண்டர் தானாகவே அச்சிட்டுக்கொண்டிருக்கும். காலையில் வரும் அதிகாரி அந்தத் தாள்களை எடுத்துச் சரிபார்ப்பார். 2016 பெப்ரவரி 4 வியாழன் இரவு, வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள் நியூயோர்க்கில் இருந்த வங்கியின் கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை மாற்றும்படி 35 கட்டளைகள் அனுப்பினார்கள். அதோடு அந்தப் பிரிண்டரையும் அச்சிடாமல் செய்துவிட்டார்கள். மறுநாள் வெள்ளி, அங்கே வார விடுமுறை, ஜும்ஆ நாள். கடமைக்கு வந்தவர் தட்டில் தாள் இல்லாததைக் கண்டார். வழமையான பிரிண்டர் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ஒருவழியாக அச்சிட்டபோதுதான் "இந்தக் கட்டளைகள் உங்களுடையவையா?" என்று நியூயோர்க்கிலிருந்து வந்த கேள்விகள் வெளியே வந்தன. அதற்குள் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் போய்விட்டது.

அதில் 20 மில்லியன் டொலர் எங்கள் நாட்டுக்கும் வந்தது தெரியுமா? பெறுநரின் பெயரில் "பவுண்டேஷன்" என்ற சொல்லை எழுத்துப்பிழையாக அடித்திருந்தார்கள். இடையிலிருந்த டொய்ச்சே வங்கியில் ஒருவர் அதைக் கவனித்து விசாரித்ததால் அந்தப் பணம் திரும்பியது. (தமிழ் வகுப்பில் எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கும்போது முகம் சுழிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு.) வழமையாக வரும் அறிக்கை ஒருநாள் வராவிட்டால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் அரசாங்கத்தின் கதை வேறு மாதிரி. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினி வலையமைப்பைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதி இல்லை. ஆகவே அறிக்கையை எடுத்து அதே கணினியில் வைப்பதில் பயனில்லை. பென்டிரைவிலோ தனி வன்தட்டிலோ இறக்கி வேறு அறையில் பூட்டி வையுங்கள். கமராப் பெட்டியும் அப்படித்தான். வட்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதைப் பதியும். சம்பவம் நடந்து மாதம் கழித்துத் தேடினால் ஒன்றும் கிடையாது. பெட்டியின் நேரம் சரியா என்றும் பாருங்கள். நேரம் பிழைத்த பதிவைக் கொண்டுபோனால் முதல் சண்டை நேரத்தைப் பற்றித்தான் வரும்.

அறிக்கை இருந்தும் பயன்படாமல் போனதும் உண்டு. இதை எழுத எனக்குக் கை கனக்கிறது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே உளவுத்துறைக்கு எச்சரிக்கை கிடைத்தது. கடிதங்கள் மேசைக்கு மேசை போயின. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று 250இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாக்கி நட்டஈடு கட்டச் சொன்னது. தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு அது என்ன ஆறுதல்? அந்தக் கொலைகாரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத எங்கள் சனமும் பிறகு வருடக்கணக்கில் சந்தேகப் பார்வையைச் சுமந்தது. கடிதம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று அத்தனை பேரும் நினைத்ததன் விலை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவை வெளியே எடுப்பது இலேசு என்பதால் வட்ஸ்அப் குழுவில் போடுவதும் இலேசாகிவிட்டது. ஒரு பிள்ளை மதிலேறிக் குதித்த காட்சி பின்னேரத்துக்குள் கனடா வரை போய்விடுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே வகுப்பில்தான் வந்து இருக்க வேண்டும். பதிவு அதிபருக்கும், தேவைப்பட்டால் பொலிசுக்கும் மட்டும் போகட்டும். யார் எடுத்தார், எந்தத் திகதி, யாரிடம் கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் கையெழுத்து இருக்கட்டும்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும், கோயில், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களிலும் ஒருவர் எழும்பி இரண்டு கேள்வி கேளுங்கள். போன கிழமை அறிக்கையை எடுத்தது யார்? வாசித்தது யார்? பெயர் சொல்ல ஆளில்லை என்றால், புதுக் கமராவுக்குக் காசு சேர்க்கும் கதையை அன்றைக்குத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அதற்கு ஓர் ஆளைப் போடுங்கள்.