யார் ஆக்கிரமிப்பாளன்?

எங்கப்பா பேருக்கு ஒதுக்கின அரசு வீடு. அவர் செத்த பிறகும் மாசாமாசம் வாடகை கட்டினோம். வாங்கிக்கிட்டு ரசீதும் கொடுத்தாங்க. பேர் மாத்தச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கு மட்டும் பதிலே இல்லை. கடைசியில் வந்தது நோட்டீஸ்: நான் ‘அனுமதியின்றிக் குடியிருப்பவன்’. பணம் வாங்கும்போது வாடகைதாரன், வெளியே தள்ளும்போது ஆக்கிரமிப்பாளனா?

பொதுக் கட்டிடங்களிலிருந்து வெளியேற்றுவதற்கான 1975ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி முதலில் விசாரிப்பவர் அரசு நியமிக்கிற அதிகாரி. வீடும் அரசோடது, புகாரும் அரசோடது, தீர்ப்பும் அரசு அதிகாரியோடது. ஊர்த் திண்ணையில நம்ம சனம் நின்ன நிலைமைக்கும் இதுக்கும் வித்தியாசம் மேசையும் ஃபேனும்தான். அந்த உத்தரவுக்கு மேல் நீதிபதியிடம் அப்பீல் உண்டு. அங்கே என் வழக்கை நானே பேசுகிறேன்.

“வக்கீல் இல்லாம எதுக்கு இந்த வம்பு?” என்கிறார்கள் படித்த நண்பர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நமக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரச் சொல்கிறது. அது உரிமை, கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் அந்த வக்கீல் வருகிறவரை வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. கைகட்டி நிற்கவே பழக்கப்படுத்தப்பட்டவன் ரசீதை நீட்டி “இதுக்கு என்ன பதில்?” என்று கேட்பதுதான் அவர்களுக்கு வம்பாகத் தெரிகிறது.

கீழ்க்கோர்ட்டு மொழி தமிழ் என்று 1976லேயே சட்டத்தைத் திருத்தியாச்சு. ஆனாலும் எதிர்த்தரப்பு வாதம் இங்கிலீஷில்தான். “தமிழ்ல சொல்லுங்க” என்றால் சிரிக்கிறார்கள்.

1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடக்கம் என்றது. நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதி மேடையில் பேசப்படுகிறது. ரெண்டாவது பாதி நம்ம வீட்டுக் கதவுல ஒட்டப்படுகிறது.

தோழர்களே, 1892இல் எழுதித் தந்த பஞ்சமி நிலத்தைக் கேட்கிறோம். கேட்கத்தான் வேணும். கையிலிருக்கிற ஒத்தை அறை பறிபோகும்போது மட்டும் ‘அவன் சொந்தப் பிரச்சினை’ என்று ஏன் ஒதுங்குகிறோம்? ஒவ்வொரு குடியிருப்பிலும் நோட்டீஸைப் படிக்க, தேதியைக் குறிக்க, மனுவுக்கு ஒப்புதல் சீட்டு கேட்க நாலு இளைஞர்களைப் பழக்குங்கள். ஊர்வலம் அப்புறம் போகலாம். அப்பீலுக்கு நாள் தப்பினால் வீடு போச்சு.