இரண்டு வைத்தியர்களும் என் வயிறும்

கால் நூற்றாண்டு இரவுக் கடமை பார்த்த பத்திரிகைக்காரனுக்கு நித்திரை வராததில் வியப்பில்லை. டொக்டர் ஒருவர் குளிசை எழுதித் தந்தார். ஊர்ப் பரிகாரியார் அமுக்கராச் சூரணத்தைப் பாலிற் கலந்து குடிக்கச் சொன்னார். இரண்டையும் மாதக்கணக்கில் விழுங்கினேன். காலையில் தலை கனத்தது. ஒப்புநோக்கும்போது எழுத்துகள் மிதந்தன.

வேறு மருந்து ஏதும் எடுக்கிறீரா என்று டொக்டர் கேட்கவேயில்லை. பரிகாரியார் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த விஷத்தை இன்றைக்கே விடும் தம்பி" என்றார். விட்டேன். மூன்று இரவுகள் கண் மூடவில்லை. நெடுநாள் எடுத்த நித்திரைக் குளிசையைச் சடுதியாக நிறுத்தலாகாது, படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்று மேடைகளில் முழங்குவோரிடம் எனக்குள்ள கோபம் இதுதான். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் நம்மிடம் உண்டு. கைதடியில் யாழ். பல்கலைக்கழகம் சித்த வைத்தியர்களை உருவாக்குகிறது. ஆயினும் ஒரே நோயாளியைப் பார்க்கும் இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் இரண்டு வரி எழுதியதை நான் கண்டதில்லை. ஒருங்கிணைப்பு நோயாளியின் வயிற்றிலேதான் நடக்கிறது.

மூலிகைதானே, என்ன செய்யும் என்பார்கள். அமுக்கராவின் தாவரவியற் பெயரிலேயே நித்திரை இருக்கிறது: சோம்னிஃபெரா. நித்திரை தருவது உண்மையானால் குளிசையின் மயக்கத்தைக் கூட்டுவதும் நடக்கக்கூடியதே. தைரொயிட் நோயாளர்கள் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும். சர்ப்பகந்தாவிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசேர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. சிலரை மனச்சோர்விலும் தள்ளியது.

இன்னொன்று. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்றுபோதலும் உள்ளவருக்கு மயக்கம் தரும் எதுவும் ஆபத்தாகலாம். அவருக்கு உதவுவது 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி. அதற்கு முதலில் யாராவது அவருடைய மனைவியிடம் குறட்டையைப் பற்றி விசாரிக்க வேண்டுமே!

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை நடத்தை மாற்றப் பயிற்சியே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. குறித்த நேரத்தில் எழும்புதல், நித்திரை வந்தபின் மட்டும் படுத்தல் போன்றவை அதிலுண்டு. அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிட டொக்டருக்கு நேரமில்லை. அரைமணி நேரம் கதை கேட்கும் பரிகாரியாருக்கு உண்டு. நோயை அவர் கண்டறியட்டும். ஒழுங்கை இவர் கண்காணிக்கட்டும். இருவர் எழுதுவதும் ஒரே கொப்பியில் இருக்கட்டும்.

நான் ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். அதைத் திறந்து பார்க்க மறுக்கும் வைத்தியரிடம், எந்தத் தரப்பாராயினும், இனி மருந்து வாங்குவதில்லை.